தேசிய விளையாட்டு விழாவும் நம் குடியிருப்புப் பிள்ளைகளும்

ஒரு நாட்டின் வரலாறு அரசர்கள் ஆண்ட ஆண்டுகளாலும் படைகள் மோதிய களங்களாலும் மட்டும் எழுதப்படுவதன்று. மக்கள் கூடி மகிழ்ந்த மைதானங்களிலும் அது எழுதப்பட்டே வருகிறது. ஆயினும் பள்ளிப் பாடங்களில் மைதானத்திற்கு இடமில்லை. பானிபட்டுப் போர் நடந்த ஆண்டைக் கேட்டவுடன் சொல்லும் நம் பிள்ளைகள், நம் நாட்டின் தேசிய விளையாட்டு விழா எந்த ஆண்டில், எந்த நகரில் தொடங்கிற்று என்று கேட்டால் விழிக்கின்றனர். பெற்றோராகிய நாமும் அவர்களோடு சேர்ந்தே விழிக்கின்றோம். அக்குறையைச் சிறிதேனும் போக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இரண்டாம் நோக்கமும் ஒன்றுண்டு. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து டாட்டாநகரில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் நாம். தேசிய விளையாட்டு விழா நடைபெறும் நாட்களில் நம் வீடுகளில் ஒரு வழக்கு எழுவதுண்டு. தமிழ்நாடு எத்தனை பதக்கம் பெற்றது என்று தந்தை கேட்பார்; ஜார்க்கண்டு எத்தனை பெற்றது என்று மகன் கேட்பான். இருவருள் யார் கேட்பது முறை? இவ்வினாவிற்கு விடை அவ்விழாவின் வரலாற்றிலேயே கிடைக்கின்றது என்பது நம் துணிபு.

வித்திட்டவர்

இவ்வூரில் வாழும் நமக்கு அவ்வரலாற்றின் முதல் ஏட்டிலேயே ஓர் உறவு உண்டு. இவ்வூரை எழுப்பிய கைகளே அவ்விழாவிற்கும் வித்திட்டன. இரும்புத் தொழிற்சாலையைக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாட்டா, 1902ஆம் ஆண்டில் தம் மூத்த மைந்தர் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையவிருக்கும் தொழில் நகரத்தில் அகன்ற தெருக்களும் நிழல் தரும் மரங்களும் வேண்டும் என்றதோடு, கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பரந்த இடம் ஒதுக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். தந்தை 1904இல் மறைந்தார். மைந்தர் ஆலையையும் ஊரையும் நிறுவினார். 1919ஆம் ஆண்டில் சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்றும், காளிமாட்டி ரயில் நிலையத்திற்கு டாட்டாநகர் என்றும் பெயர் சூட்டப்பெற்றன.

அதே காலத்தில் தோராப்ஜி டாட்டா புனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானாவின் தலைவராகவும் விளங்கினார். அங்கு நடந்த ஓட்டப் பந்தயங்களில் உழவர் குடியினர் பலர் வெறுங்காலுடன் ஓடினர். பந்தய விதிகளை அவர்கள் முறையாகப் பயின்றதில்லை, பயிற்சியாளரும் இல்லை. எனினும் அவர்கள் ஓடிய வேகம் மேனாட்டு வீரரின் வேகத்திற்கு வெகு தூரம் பின்தங்கியதன்று என்பதைக் கண்ட தோராப்ஜி, இவர்களை ஒலிம்பிக் பந்தயத்திற்கு அனுப்பலாகாதா என்று எண்ணினார். எண்ணியதோடு நில்லாது, பம்பாய் கவர்னரின் துணையை நாடியும், தம் கைப்பொருளை ஈந்தும், 1920ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு ஆண்டுவெர்ப்பு நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிற்கு அறுவரை அனுப்பி வைத்தார். நால்வர் ஓட்ட வீரர், இருவர் மல்லர். அவர்களுள் மாரத்தான் ஓடிய பதெப்பா சௌகுலே 19ஆவதாக வந்தார். மல்லர் ரண்தீர் ஷிண்டேஸ் நான்காம் இடம் பெற்றார். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. ஆயினும் முதன்முதலாக ஓர் இந்திய அணி என்று சொல்லத்தக்கது உலக அரங்கில் நின்றது. நாடு விடுதலை பெறுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சென்னையின் பங்கு

நிற்க. ஓர் ஊர்ப் பந்தயத்தில் கண்ட சிலரை அனுப்புவது ஒரு முறைக்குச் சரி. நாடு முழுவதிலும் தேடி வல்லாரைத் தெரிந்தெடுக்க ஓர் ஏற்பாடு வேண்டுமன்றோ? அவ்வேற்பாடே தேசிய விளையாட்டு விழாவின் மூலம். 1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டில்லி மாநகரில் அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. அதில் தெரிந்தெடுக்கப்பட்ட எண்மர் அவ்வாண்டே பாரிசு ஒலிம்பிக்குக்குச் சென்றனர்.

இங்குத் தமிழகத்திற்கு உண்மையான பங்கு ஒன்று உண்டு. பாரிசுக்குச் சென்ற அணியின் மேலாளர் ஹாரி குரோ பக் என்பவர். அமெரிக்கராகிய இவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என்று நாம் அழைத்த ஆசிரியர் பரம்பரைக்கு மூலவர் அவரே எனலாம். அவரும், ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த டாக்டர் நோரன் என்பவரும், தோராப்ஜி டாட்டாவின் வேண்டுகோளின்படி நாடெங்கும் சுற்றி, மாகாணந்தோறும் ஒலிம்பிக் சங்கங்கள் தோன்ற உழைத்தனர். விமானப் போக்குவரத்து இல்லாத அந்நாளில் அவர்கள் பயணம் பெரும்பாலும் ரயில் வண்டியிலேதான் கழிந்திருக்கும். ரயில்வேப் பணியாளராகிய நமக்கு அதை நினைக்குந்தோறும் சிறிது பெருமிதம் உண்டாகின்றது.

மாகாணச் சங்கங்கள் தோன்றிய பின், 1927ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. தோராப்ஜி டாட்டா தலைவர்; நோரன் செயலாளர். மறு ஆண்டில் டாட்டா பதவியிலிருந்து விலக, பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைவரானார், ஜி. டி. சோந்தி செயலாளரானார். 1932இல் தோராப்ஜி இயற்கை எய்தினார். அவர் நட்ட கன்று அதற்குள் வேரூன்றிவிட்டது.

ஊர் தோறும் சென்ற விழா

இந்திய ஒலிம்பிக் விழா என்னும் பெயருடன் அது ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் மாறி ஊர் சென்றது. லாகூர், அலகாபாத், சென்னை, டில்லி, கல்கத்தா என்று நாட்டின் நான்கு திசைகளிலும் நடைபெற்றது. 1940ஆம் ஆண்டு பம்பாயில் கூடியபோதுதான் 'தேசிய விளையாட்டு விழா' என்னும் பெயர் ஏற்பட்டது. தேசம் என்னும் சொல்லை ஆட்சியாளர் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. அக்காலத்தில் ஒரு விளையாட்டு விழா அச்சொல்லைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டது சிறு செய்தியன்று.

இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1940, 1944 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. நம் நாட்டு விழாவோ அக்காலத்திலும் நின்றுவிடவில்லை.

மாறிய எல்லைகள்

1947இல் விடுதலை வந்தது. உடன் பிரிவினையும் வந்தது. விழா பலமுறை நடந்த லாகூர் வேற்று நாட்டின் நகராயிற்று. 1948இல் பாகிஸ்தான் தனக்கெனத் தனி தேசிய விளையாட்டு விழாவைக் கராச்சியில் தொடங்கிற்று. நேற்று வரை ஒரே அணியில் ஓடியவர்கள் இன்று இரு கொடிகளின் கீழ் நின்றனர்.

இம்மாற்றத்தின் துயரமும் ஏற்றமும் ஒரு மனிதரிடத்தே ஒருங்கே விளங்கக் காண்கிறோம். அவர் மில்கா சிங். இன்று பாகிஸ்தானில் உள்ள கோவிந்தபுராவில் பிறந்தவர். பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரை இழந்து, அகதியாக டில்லி வந்து சேர்ந்தார். இராணுவத்தில் சேர முயன்று, பலமுறை தள்ளப்பட்டு, இறுதியில் சேர்ந்தார். அவர் ஓட்டத்தின் அருமையைக் கண்டறிந்தது இராணுவமே. 1956ஆம் ஆண்டு பட்டியாலாவில் நடந்த தேசிய விழாவில் அவர் பெயர் வெளிப்பட்டது. 1958இல் கட்டாக்கில் நடந்த விழாவில் 200 மீட்டர், 400 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் புதிய தேசியச் சாதனை நிகழ்த்தினார். அதே ஆண்டு கார்டிப்பு நகரில் காமன்வெல்த்து நாடுகளின் பந்தயத்தில் தங்கம் வென்றார். 1960இல் லாகூருக்கே சென்று ஓடி வென்று, 'பறக்கும் சீக்கியர்' என்னும் பட்டத்தைப் பெற்றார். பிறந்த ஊர் அவருக்கு இல்லையாயிற்று. ஓடுவதற்கு ஒரு மண்ணும் ஓர் அணியும் கிடைத்தன. எந்த ஊரின் மகன் என்று அவரைச் சொல்வது? இந்நாட்டின் மகன் என்றே மக்கள் சொன்னார்கள். 2021இல் அவர் மறைந்தபோதும் அவ்வாறே சொல்லி அழுதார்கள்.

நாட்டின் எல்லையே அன்றி மாநிலங்களின் எல்லைகளும் மாறின. 1952இல் சென்னையில் தேசிய விழா நடந்தபோது சென்னை மாநிலம் என்பது ஆந்திரக் கரையையும் மலபாரையும் உள்ளடக்கியது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. நம் ஊரின் கதையோ இன்னும் வியப்புடையது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பீகாரிலிருந்து ஜார்க்கண்டு பிரிந்தது. நம் குடியிருப்பில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் பீகாருக்கு ஆடத் தக்கவன். தம்பி ஜார்க்கண்டுக்கு ஆடத் தக்கவன்! வீடு ஓரடியும் நகரவில்லை, மாநிலமே நகர்ந்தது. ஆகவே, விழாவில் அணிவகுத்து நிற்கும் மாநிலப் பெயர்கள் என்றும் உள்ளவை அல்ல. அணிகளின் பெயர்கள் மாறும். அவை கூடும் களம் நிலைத்திருக்கும்.

புது வடிவம்

1970இல் கட்டாக்கில் நடந்த விழாவிற்குப் பின் நீண்ட இடைவெளி நேர்ந்தது. 1979இல் ஐதராபாத்தில் ஒருமுறை கூடிய பின், 1985இல் டில்லியில்தான் விழா புது வடிவம் பெற்றது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிற்கென எழுந்த அரங்குகள் அங்கே ஆயத்தமாக இருந்தன. அன்று முதல் ஒலிம்பிக் முறையையொட்டிப் பல விளையாட்டுகள் ஒருங்கே நடைபெறலாயின. ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பெறும் அணிக்குச் சுழற்கோப்பை ஒன்று வழங்கப்படுகிறது. அதற்கு ராஜா பாலேந்திர சிங்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவர் பூபிந்தர் சிங் மகாராஜாவின் மைந்தர். தாமும் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்தவர்.

விழா செல்லும் ஊர்களுக்கு அதனால் நிலைத்த பயன் விளைகின்றது. 1994ஆம் ஆண்டு விழாவிற்கெனப் புனாவை அடுத்த பாலேவாடியில் பெரும் விளையாட்டு வளாகம் எழுந்தது. 1999இல் மணிப்பூரின் இம்பாலில் நடந்த விழாவிற்கெனக் குமான் லம்பாக் அரங்கு எழுந்தது. சிறு மாநிலமாகிய மணிப்பூர் அவ்விழாவில் பெரு மாநிலங்களையெல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றது. அதே விழாவில் கர்நாடகத்தின் நீச்சல் வீராங்கனை நிஷா மில்லெட் 14 தங்கப் பதக்கங்களை வென்றார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஈராண்டுக்கு ஒருமுறை என்பது ஏட்டளவில் நின்றுபோன காலங்கள் பல. நம் ஜார்க்கண்டுக்கு வரவேண்டிய விழா பலமுறை தள்ளி வைக்கப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் நடந்தது. ராஞ்சியில் பெரும்பாலான போட்டிகளும், தன்பாத்திலும் நம் ஊரிலும் சிலவும் நிகழ்ந்தன. தோராப்ஜி புனாவில் கண்ட கனவு, 91 ஆண்டுகள் கழித்து அவர் எழுப்பிய ஊருக்கே விருந்தினராக வந்தது. அடுத்து 2015இல் கேரளத்தில் நடந்தது. அதன் பின்னர் கோவாவில் நடக்கவேண்டியது ஆண்டுக்கணக்கில் தாமதமாகி, பெருந்தொற்றும் குறுக்கிட, 2022இல் குஜராத்து சில திங்கள் ஏற்பாட்டிலேயே முன்வந்து நடத்திற்று. ஏழாண்டு இடைவெளி! பதினெட்டு வயதில் ஆயத்தமாக நின்ற ஓர் ஓட்டக்காரிக்கு அவ்வேழாண்டு என்பது வாழ்வின் முழு வாய்ப்பையும் விழுங்கிவிடும் காலம். நல்லவேளையாக 2023இல் கோவாவும் 2025இல் உத்தரகாண்டும் அடுத்தடுத்து விழாவை நடத்தின. கோவாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர் வீராங்கனையர் கலந்துகொண்டனர்.

பதக்கம் யாருடையது?

இனி நம் வழக்கிற்கு வருவோம். 2007, 2011, 2015, 2022 ஆகிய நான்கு விழாக்களிலும் தொடர்ந்து முதலிடம் பெற்றது எந்த மாநிலம்? எந்த மாநிலமும் அன்று. முப்படையினரின் சர்வீசஸ் அணியே அச்சிறப்பைப் பெற்றது. 2023இல் மகாராஷ்டிரம் 80 தங்கம் வென்று அதனை விஞ்சிற்று. 2025இல் 68 தங்கத்துடன் சர்வீசஸ் மீண்டும் முதலில் வந்தது. அந்த அணியில் ஆடுவோர் எல்லா மொழியினரும் ஆவர். சான்றாக, 2022ஆம் ஆண்டு குஜராத்து விழாவில் கம்பூன்றித் தாண்டுதலில் 5.31 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை நிகழ்த்திய சிவா சுப்பிரமணியம் தமிழர். அவர் வென்ற தங்கம் சர்வீசஸ் கணக்கில் சேர்ந்தது. அதே விழாவில் மகளிர் பிரிவில் 4.20 மீட்டர் தாண்டிச் சாதனை நிகழ்த்திய ரோஸி மீனா பால்ராஜின் தங்கம் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்ந்தது. இருவரும் தமிழரே, ஆயினும் பதக்கங்கள் சேர்ந்த கணக்குகள் வேறு. சிவாவின் அளவை 2025இல் மத்தியப் பிரதேசத்துத் தேவ் மீனா ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டி விஞ்சினார். சாதனை தேசத்தினுடையது, அது கைமாறும்போது மாநிலம் பார்ப்பதில்லை.

நம்மைப் போலவே பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற குடும்பமொன்றின் மகனையும் இங்குக் குறிப்பிடல் தகும். நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷ் கேரளத்தில் பிறந்தவர். ஓட்ட வீராங்கனையாயிருந்த அவர் தாயார் தமிழ்நாட்டில் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியேற்றார். ஆகவே மகன் நெய்வேலிக் குடியிருப்பில் வளர்ந்தார். டாட்டாநகரில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் நிலையும் நெய்வேலியில் வளர்ந்த அம்மலையாளப் பிள்ளையின் நிலையும் ஒன்றே அன்றோ? 2015ஆம் ஆண்டு விழாவில் அவர் கேரளத்திற்காக நீந்தி 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். 2021இல் ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதிபெறும் காலத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரும் அவரே. கேரளம் அவரைத் தன் மகன் என்றது. நெய்வேலியும் தன் பிள்ளை என்றது. இரண்டும் உண்மையே.

ரயில்வேயினராகிய நமக்கு மற்றொரு செய்தியும் தெரிந்ததே. தனித்தனி விளையாட்டுகளின் தேசியப் போட்டிகளில் ரயில்வே தன் பெயரால் அணி அனுப்பும். அண்மைய தேசிய விழாக்களின் பதக்கப் பட்டியலிலோ ரயில்வே என்னும் பெயரைக் காண இயலாது. நம் சக ஊழியர்கள் தத்தம் மாநிலங்களின் பெயரால் ஆடுகின்றனர். தெற்கு ரயில்வேயில் நெடுநாள் பணியாற்றிய பி. டி. உஷா, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். தோராப்ஜி டாட்டா அமர்ந்த நாற்காலியில் ரயில்வே ஊழியர் ஒருவர் அமர்ந்தது நமக்கும் சிறப்பே.

நாம் செய்யத்தக்கது

ஆனால் பெருமை பேசி அமைவதற்கன்று இக்கட்டுரை. நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைக் கூறுவோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. நம் சங்கத்து ஆண்டு விழா ஓட்டத்தில் பையன்களையும் முந்தி ஓடியவள். தந்தை வேறு கோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மாவட்டத் தேர்வுக்குச் சென்றபோது வசிப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். அது கையில் இல்லை. ஊரில் இருந்த பாட்டனார் வழியாகத் தமிழ்நாட்டில் கேட்டபோது, படிப்பது வெளிமாநிலத்தில் ஆயிற்றே என்றார்கள். இங்கே மதராசி, அங்கே வெளியூர்ப் பெண். அவ்வாண்டு அவள் எங்கும் ஓடவில்லை. மறு ஆண்டு கணக்குப் பாடத்திற்குத் தனிப்பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள்; காலணியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

இரு மண்ணும் நம்முடையவை என்று மேடையில் பேசுகிறோம். உரிய காலத்தில் ஒரு தாள் எழுதி வாங்காவிடில் இரு மண்ணும் நம் பிள்ளைகளுக்கு இல்லையாகிவிடும். ஆதலின் நம் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, மாற்றலாகி வரும் குடும்பத்திற்குப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுவது போலவே, பிள்ளைகளின் விளையாட்டுப் பதிவுக்கும் வசிப்பிடச் சான்றிதழுக்கும் சங்கம் உதவுதல் வேண்டும். இரண்டாவது, ஆண்டு விழாப் போட்டிகள் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுவதோடும் இசை நாற்காலியோடும் முடிந்துவிடலாகாது. ஓட்டத்தையும் தாண்டுதலையும் முறைப்படி அளந்து, காலம் குறித்து, முன்னிற்கும் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு அனுப்புதல் வேண்டும். மூன்றாவது, பெண் பிள்ளைகள் வயது வந்தவுடன் மைதானத்தை விட்டு நிறுத்தப்படும் வழக்கம் நம்மிடையே ஒழிதல் வேண்டும்.

இந்த மாநிலத்தின் பெயரைச் சட்டையில் பொறித்து ஓடினால் தமிழ் போய்விடும் என்று அஞ்சும் பெரியோர் உளர். அவர்கள் அச்சத்தை நாம் இகழவில்லை; மொழியைக் காக்க வேண்டியே நாமும் இச்சங்கத்தில் கூடுகிறோம். ஆனால் தமிழ் வாழ்வது நம் வீட்டுப் பேச்சிலும், ஞாயிறுதோறும் நடக்கும் சங்கத்துத் தமிழ் வகுப்பிலும், பிள்ளைகளின் கையிலுள்ள நூல்களிலும் ஆம். சட்டையில் உள்ள பெயர் அதனை மாய்க்காது. நமக்கு ஊதியமும் நீரும் நிழலும் தந்த மண்ணின் பெயரால் நம் பிள்ளை ஓடுவது நன்றிக்கடனே அன்றி வேறில்லை. தந்தை தமிழ்நாட்டின் பதக்கத்தைக் கேட்கட்டும். மகன் ஜார்க்கண்டின் பதக்கத்தைக் கேட்கட்டும். இரண்டு கேள்விகளும் ஒரு வீட்டில் அடங்கும்.

இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அணியில் சென்ற அறுவருக்கும் பின்னால் தனி நாடில்லை. ஒருவர் அவர்களை நம்பிப் பொருள் தந்தார்; அவர்கள் ஓடினார்கள். நம் குடியிருப்பிலும் அவ்வாறு நம்பத்தக்க கால்கள் உள்ளன. அவற்றிற்கு வேண்டுவன ஒரு மைதானமும், ஒரு சான்றிதழும், மாலை நேரத்தில் பெற்றோர் தரும் ஒரு மணி நேர அனுமதியுமே. இவற்றை வழங்க இவ்வாண்டு விழாவில் உறுதி பூணுவோமாக.

வளர்க நம் சங்கம்! வாழ்க நம் பிள்ளைகள்!